குமிழி நிற்காத பாட்டில்

"மீன் தொட்டியைத் துப்பறியற அளவுக்கு நம்ம மார்க்கெட் இறங்கிப்போச்சா மேடம்?"

உதவியாளன் சோடா கேட்டது, ஷட்டர் ஏறிய சத்தத்தில் பாதி அமுங்கிப்போனது. மீதிப் பாதி க்ளெய்மம்மாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சோடா வாயை மூடிக்கொண்டான்.

அவனுக்கு சோடா என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த சோடாபுட்டிக் கண்ணாடி. அவருக்கு க்ளெய்மம்மா என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது, துப்பறியும் தொழிலுக்கு வருமுன் அவர் பார்த்த ஆயுள் காப்பீட்டு உத்தியோகம். க்ளெய்ம் வந்ததும், இறந்துவிட்டதாகச் சொல்லப்படும் ஆள் நிஜமாகவே இறந்திருக்கிறானா என்று நேரில் போய்ப் பார்த்து வருவதுதான் வேலை. அதில் அவர் ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை என்பார்கள். அதனாலோ என்னவோ, யாராவது நம்பிக்கையோடு பேச ஆரம்பித்தால் அவர் முகம் இறுகிவிடும்.

இப்போது இறுகியிருந்தது.

ஷட்டரைத் தூக்கிய பெண் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டாள். கால் டாக்ஸி அலுவலகத்தில் போன் எடுப்பவள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கண்ணுக்குக் கீழே மட்டும் ஐம்பது.

"இதான் அவரோட கடை."

தையல் மெஷின் ரிப்பேர் கடை. நீளவாக்கில் ஒரே அறை, கடைசியில் ஒரு பின்கதவு. இரண்டு பக்கமும் மெஷின் தலைகள் கவிழ்ந்து கிடந்தன. பூட்டியே கிடந்த இடத்துக்கு உரிய புழுக்கம், எண்ணெய் வாசனை. எல்லாவற்றின் மேலும் தூசி. மூலையில் மட்டும் ஒரு விளக்கு தானாக எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே தொட்டி.

கேலி பேச வாயைத் திறந்த சோடா அப்படியே நின்றுவிட்டான். கண்ணாடிக்குள் ஒரு தோட்டமே நின்றது. அடியில் புல்தரை மாதிரி ஒரு பச்சை, அதன் பின்னால் செம்பு நிற இலைகள், ஒவ்வொரு இலை நுனியிலும் முத்து முத்தாகக் காற்று. நடுவில் விரல் நகம் அளவு மீன்கள் கூட்டமாகத் திரும்பின.

"ஆளில்லாத கடையில செடி மட்டும் எப்படிங்க இவ்வளவு செழிப்பா இருக்கு?" என்றான்.

"அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்," என்றாள் அவள்.

கதை சின்னது. ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், ரிப்பேர் பார்த்த மெஷினை ஒரு டெய்லரிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஸ்கூட்டரில் கிளம்பினார் அவள் கணவர். மெஷின் டெய்லரிடம் போய்ச் சேர்ந்தது. ஸ்கூட்டர் ஆற்றுப்பாலத்தின் ஓரத்தில் சாவியோடு நின்றது. ஆளைக் காணோம். போலீஸ் தேடியது, பிறகு தேடுவதாகச் சொன்னது, பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டது.

"ஆனா அவர் உயிரோட இருக்கார். அதுக்கு சாட்சி இது."

தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பழைய குளிர்பான பாட்டிலைக் காட்டினாள். அதன் மூடியில் ஓட்டை போட்டு மெல்லிய ட்யூப் ஒன்று செருகியிருந்தது. ட்யூப் இன்னொரு சின்ன பாட்டிலுக்குள் போய், அங்கிருந்து தொட்டிக்குள் இறங்கியது. சின்ன பாட்டிலின் தண்ணீரில் ஒரு குமிழி ஏறி உடைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"இது அவரே செஞ்சது. பெரிய பாட்டில்ல சர்க்கரைத் தண்ணியும் ஈஸ்டும் இருக்கு. ரொட்டிக்குப் போடுவாங்களே, அதே ஈஸ்ட்தான். அது சர்க்கரையைத் தின்னுட்டு கேஸ் விடும். அந்த கேஸ் தண்ணிக்குள்ள போனாத்தான் இந்தச் செடியெல்லாம் வளரும்."

"அதாவது, ஈஸ்ட் சாப்பிட்டு ஏப்பம் விடும். அந்த ஏப்பத்தைக் குடிச்சு செடி வளரும்," என்றான் சோடா. "எங்க ஆபீஸ்லயும் இதே ஏற்பாடுதாங்க. சாப்பிடறது மேடம்."

அவள் சிரிக்கவில்லை. "சர்க்கரை தீந்துட்டா ஈஸ்ட் அடங்கிடும். ரெண்டு வாரம், மிஞ்சினா மூணு வாரம். பழசைக் கொட்டிட்டு, பாட்டிலைக் கழுவிட்டு, புதுசாக் கலக்கணும். இல்லன்னா குமிழி நின்னுடும், செடி மேல பாசி படியும்." அவள் குரல் தணிந்தது. "அவர் போய் இத்தனை மாசமாச்சு. குமிழி நிக்கல."

சோடா கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குமிழியை மறுபடி பார்த்தான்.

"நீங்க கலக்கலையா?" என்று கேட்டார் க்ளெய்மம்மா.

"எனக்கு அளவே தெரியாது. நான் தீனி மட்டும்தான் போடுவேன். வேலைக்குப் போற வழியில வந்து ஒரு சிட்டிகை போட்டுட்டுப் போவேன். அவர் இருந்தப்ப இந்தப் பக்கம் எப்பவாவதுதான் வருவேன். எனக்கு அந்த வாடையே ஆகாது. அவர் போனப்புறம், பாவம், மீன் என்ன பண்ணும்னு வர ஆரம்பிச்சேன். முதல்ல பாட்டில் அடங்கித்தான் கிடந்துச்சு. இலையெல்லாம் பழுத்துப்போச்சு. ஒருநாள் காலையில வந்து பார்க்கறேன், குமிழி ஓடுது. அப்பலேருந்து ஓடிக்கிட்டே இருக்கு."

"பின்கதவு?"

"ஒரே சாவிதான். அது அவர் பர்ஸ்ல இருக்கும்." அவள் சுவர் ஆணியைக் காட்டினாள். நீலக்கட்டம் போட்ட சட்டை ஒன்று தொங்கியது. "இதைத் துவைச்சு ஸ்டூல் மேல வெச்சுட்டுப் போனேன். சும்மா, சோதிக்கலாம்னு. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா, ஆணியில மாட்டியிருக்கு. அவர்தாங்க. என் மூஞ்சியில முழிக்கத்தான் சங்கடப்படறார். எப்ப வர்றார்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

க்ளெய்மம்மா பாட்டிலுக்கு முன்னால் குனிந்தார். மூடிக்குக் கீழே, பாட்டில் கழுத்தின் மரையில், வெள்ளை நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"இது எதுக்கு?"

"கேஸ் கசியாம இருக்க. ஒவ்வொரு தடவை கலக்கும்போதும் புது நூல் சுத்துவார். பாபின்ல சுத்தற மாதிரி ஒரு இழை பிசகாம இருக்கு பாருங்க. இந்தக் கைவேலை வேற யாருக்கும் வராது."

"சுத்தி முடிச்சதும் நூலை எதால அறுப்பார்?"

அவளுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "பல்லால. பக்கத்துலயே கத்திரிக்கோல் இருக்கும். ஆனாலும் பல்லாலதான் கடிப்பார். தையக்காரங்க மத்தியில வளர்ந்தவருக்குப் பல்லுதான் கத்திரின்னு திட்டுவேன்."

க்ளெய்மம்மா நூலின் நுனியைச் சற்று நேரம் பார்த்தார். நிமிர்ந்தார். "வீட்ல வேற யாரு இருக்காங்கம்மா?"

"மாமனார் இருக்கார். கடை அவர் ஆரம்பிச்சதுதான். எங்களோட பேச்சுவார்த்தை இல்ல. 'தண்ணிக்குள்ள தோட்டம் போடறவன் உருப்படுவானா'ன்னு கேட்டு இந்த ட்யூபைப் புடுங்கி எறிஞ்ச மனுஷன். இனி இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொல்லிட்டு மக வீட்டுக்குப் போயிட்டார்." அவள் பேச்சை முடித்துவிட்ட மாதிரி உதட்டை மடித்தாள்.

கிளம்பும்போது க்ளெய்மம்மா ஒரே ஒரு கட்டளை போட்டார். தான் சொல்லும்வரை அவள் கடைப்பக்கம் வரக்கூடாது. சாவி சோடாவிடம் இருக்கட்டும். அவள் தலையாட்டினாள். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது, சோடாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பின்கதவு திறந்தா ஒரு மிஸ்டு கால் மட்டும் குடுங்க சார். பேசக்கூட வேண்டாம்."

சோடா வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தான். "சரிங்க" என்று வந்துவிட்டது.

தெரு திரும்பியதும் க்ளெய்மம்மா சொன்னார். "கலக்கறது புருஷன் இல்லடா."

"எப்படி மேடம் அடிச்சுச் சொல்றீங்க?"

"பல்லால கடிச்ச நூல் நுனி பஞ்சு மாதிரி பிரிஞ்சிருக்கும். இது பிளேடால சீவினது. கைவேலை அவரோடது, பல்லு அவரோடது இல்ல."

"பல்லுப் போனா சொல்லுப் போச்சுன்னு கேள்விப்பட்டிருக்கேன். பல்லுப் போனா புருஷனே போயிட்டாரா?" என்றான் சோடா. சொல்லிவிட்டு அவனுக்கே சப்பென்று இருந்தது. அந்தப் பெண் சிரித்த ஒரே சிரிப்பு, கணவனின் பல்லை நினைத்துத்தான்.

"சர்க்கரையை எங்க வேணா வாங்கலாம். ஈஸ்டைக் கொஞ்சமா, அடிக்கடி, யாரு வாங்குவாங்க?"

"வீட்ல ரொட்டி சுடறவங்க."

"சுடாதவங்களையும் கேட்டுப் பாரு."

கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது ஒரே ஒரு பேக்கரி. பேக்கரிக்காரர் முழங்கை வரை மாவோடு வெளியே வந்தார். கேள்வியை முழுசாகக் கேட்டு முடிக்கவில்லை, பதில் வந்துவிட்டது.

"ஒருத்தர் இருக்கார் சார். ரொட்டிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எத்தனை கிலோ மாவுக்குன்னு கேட்டேன். மாவே இல்லையாம். பின்ன எதுக்குய்யான்னா, 'மூச்சுக்கு'ங்கறார். ஆஸ்துமாவுக்கு ஈஸ்ட் குடுக்கறாங்களோன்னு நானே பயந்துட்டேன்."

"வயசானவரா?" என்று கேட்டார் க்ளெய்மம்மா.

"ஆமாங்க. பாவமா இருக்கேன்னு ரெண்டு ரஸ்க் குடுத்தேன். பல்லு செட்டை வீட்லயே வெச்சுட்டேன்னு திருப்பிக் குடுத்துட்டார். நேத்தும் வந்தார். சரக்கு தீந்துபோச்சு. இன்னிக்கு மத்தியானம் வரச் சொல்லியிருக்கேன்."

வெளியே வந்ததும் சோடா நின்றான். வாய்க்குள் நாக்கைச் சுழற்றித் தன் பற்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பவன் மாதிரி யோசித்தான்.

"மேடம். அந்தக் கைவேலையை அந்தம்மாவோட புருஷனுக்குக் கத்துக்குடுத்த ஆள் ஒருத்தர் இருப்பார்ல?"

"ம்."

"மாமனார்! பழைய சாவி ஒண்ணு அவர்கிட்ட இருந்திருக்கும். இருங்க, இருங்க. ட்யூபைப் புடுங்கி எறிஞ்ச மனுஷன் இப்ப எதுக்கு வந்து சர்க்கரை கலக்கணும்? யாரோ சொல்லித்தானே கலக்கறார்? அளவு சொன்னது யாரு?" அவன் குரல் உயர்ந்துவிட்டது. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "மகன் அப்பாகிட்டதான் ஒளிஞ்சிருக்கார் மேடம். தொட்டியைப் பார்த்துக்கோங்கப்பான்னு அனுப்பறார். நூலைப் புடிச்சுக்கிட்டே போனா ஆளு சிக்கிடுவார்!"

க்ளெய்மம்மா அவனைப் பார்த்தார். "உனக்கு அப்படி இருக்கணும்னு ஆசை."

"ஏன், இருக்கக்கூடாதா?"

"இருந்தா நல்லதுதான். வா."

மத்தியானம் இருவரும் ஷட்டரை உள்பக்கமாக இறக்கிவிட்டுக் கடைக்குள் உட்கார்ந்தார்கள். தொட்டி விளக்கின் பச்சை வெளிச்சம் மட்டும். பெரிய பாட்டிலில் சர்க்கரை தீர்ந்துகொண்டு வந்தது போலும். குமிழிகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒன்று ஏறும். அடுத்தது வராது என்று சோடா முடிவு கட்டும்போது வரும். மூச்சு வாங்கும் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஏதாவது பேசினால் தேவலை என்று தோன்றியது. குமிழிகளை எண்ண ஆரம்பித்தான்.

பின்கதவில் சாவி நுழைந்தது.

சோடாவின் கை சட்டைப்பைக்குள் போயிற்று. பேச வேண்டாம் என்றுதானே சொன்னாள்? மாமனார் வந்தால் என்ன, மகன் இருக்கும் இடம் தெரியப்போகிறது. அதை அவள் நேரிலேயே கேட்கட்டுமே. போனில் அவள் எண்ணை அழுத்தி, ஒருமுறை மணி அடித்ததும் துண்டித்தான். க்ளெய்மம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. ஒடிசலான பெரியவர். கையில் சின்னக் காகிதப் பொட்டலம், இடுக்கில் சர்க்கரைப் பை. உள்ளே இரண்டு பேர் இருப்பதைக் கண்டதும் திடுக்கிட்டுச் சுவரோடு ஒட்டினார்.

"யாரு?" என்றார். அடுத்த கணமே அவர் முகம் மாறியது. பயம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. காகிதப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"அவன் அனுப்பினானா?"

சோடா க்ளெய்மம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"உக்காருங்க ஐயா," என்றார் க்ளெய்மம்மா.

"நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்மா. எங்க இருக்கான்னு கேக்கமாட்டேன். ஏன் போனேன்னும் கேக்கமாட்டேன். நல்லா இருக்கானா? அதை மட்டும் சொன்னாப் போதும்."

"அவர் இங்க வர்றார்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை நாள் யாரிடமும் சொல்ல முடியாமல் அடக்கி வைத்திருந்தவர் போல, கொட்ட ஆரம்பித்தார்.

"என் ஸ்க்ரூடிரைவர் செட்டை எடுத்துக்கலாம்னுதான் ஒருநாள் வந்தேன். மீனெல்லாம் செத்து மிதக்கும்னு நினைச்சுக்கிட்டுக் கதவைத் திறந்தேன். திறந்தா, எல்லாம் துள்ளி விளையாடுது. தீனி டப்பா வெச்ச இடத்துல இல்ல, மாறியிருக்கு. மாசக்கணக்கா ஆளில்லாத கடையில மீனுக்கு யாரு தீனி போடறது? மருமகளா? அவ இந்தப் பக்கம் வந்தாலே மூக்கைப் பொத்திக்குவா. அப்ப யாரு? சொல்லுங்க தம்பி, யாரு?"

சோடாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினான். பெரியவரின் முகம் கலங்கி, வெறும் வெளிச்சமாகத் தெரிந்தது. அப்படியே இருக்கட்டும் என்று கையிலேயே வைத்துக்கொண்டான்.

"திருட்டுத்தனமா வர்றவனுக்கு நேரம் இருக்குமா? தீனியைப் போட்டுட்டு ஓடியிருக்கான். பாட்டிலைப் பார்க்க நேரமில்ல. அது அடங்கிக் கிடந்துச்சு. சரி, நாமளாவது கலக்கி வெப்போம்னு வெச்சேன். அவன் செய்யறப்ப திட்டிக்கிட்டேதான் நிப்பேன், ஆனா பார்த்துக்கிட்டேதானே நின்னேன்? அளவெல்லாம் மனப்பாடம். அடுத்த தடவை அவன் வந்து குமிழி ஓடறதைப் பார்த்தா தெரிஞ்சுக்குவான்ல, அப்பனுக்குக் கோபம் தீந்துடுச்சுன்னு? நூல் சுத்தினதைப் பார்த்தாலே தெரியும் அவனுக்கு. நான் சொல்லிக் குடுத்த சுத்து." பெரியவர் ஆணியைக் காட்டினார். "அந்தச் சட்டையைப் பாருங்க. துவைச்சது. மாத்திக்கறதுக்குக் கொண்டுவந்து வெச்சிருக்கான். துவைச்சுக் குடுக்க ஆள் இருக்கற இடத்துலதான் இருக்கான். கசங்கிடுமேன்னு நான்தான் எடுத்து மாட்டினேன்."

அவள் தீனி போட்டதைப் பார்த்து இவர் நம்பியிருக்கிறார். இவர் சர்க்கரை கலக்கியதைப் பார்த்து அவள் நம்பியிருக்கிறாள். முன்கதவு வழியாக ஒருத்தி, பின்கதவு வழியாக ஒருத்தர். நடுவில் இருப்பதாக இருவரும் நினைத்த ஆள் ஒருநாளும் வந்ததே இல்லை.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று சோடாவுக்குத் தோன்றியது. பெரியவர் சர்க்கரையைக் கலக்கட்டும், நாம் கிளம்பலாம். அந்தப் பெண்ணிடம் ஏதாவது ஒரு கதை சொல்லிக்கொள்ளலாம். கதை சொல்வதில்தான் அவன் கெட்டிக்காரன் ஆயிற்றே. "மேடம்," என்று ஆரம்பித்தான்.

க்ளெய்மம்மா கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். எழுந்து பெரியவரின் எதிரே தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், சாதாரணமாகத் தரையில் உட்காராதவர்.

"ஐயா, மீனுக்குத் தீனி போடறது உங்க மருமக."

"இல்ல."

"தினம் காலையில வர்றாங்க. சட்டையும் அவங்க துவைச்சு வெச்சதுதான்."

"அவளுக்கு ஆகாதும்மா. உங்களுக்குத் தெரியாது."

"இப்ப ஆகுது ஐயா."

பெரியவர் இதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. தொட்டியின் பக்கம் திரும்பினார். விரலால் கண்ணாடியில் லேசாகத் தட்டினார். மீன்கள் தீனிக்காக அவர் விரலிடம் கூட்டமாக ஓடி வந்தன.

அப்போது முன்ஷட்டர் தடதடவென்று ஏறியது. வெளியே ஒரு டாக்ஸி என்ஜினை அணைக்காமல் நின்றது. தெருவெளிச்சத்துக்கு முன்னால் அவள் நின்றாள். அவசரமாகத் தலை வாரியிருந்தாள். உதட்டில் பூசியிருந்த சாயம் ஒரு பக்கம் கோணியிருந்தது. மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள், முதலில் சோடாவைப் பார்த்தாள், பிறகு க்ளெய்மம்மாவை, பிறகு திறந்து கிடந்த பின்கதவை. பெரியவரைத் தாண்டி அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒருவர் உள்ளே வரவேண்டியிருப்பது போல.

க்ளெய்மம்மா சோடாவைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கண் மெல்ல இறங்கி, பெரியவரின் கையிலிருந்த பொட்டலத்தில் வந்து நின்றது.

"நீங்களா?" என்றாள். "பாட்டிலை... நீங்களா கலக்கறீங்க?"

"தீனி நீயா?"

அவள் கத்தினாள். அந்த ஒடுங்கிய கடையில் மெஷின்களெல்லாம் அதிர்ந்த மாதிரி இருந்தது.

"ட்யூபைப் புடுங்கி எறிஞ்ச கைதானே இது! அவர் இருந்தப்ப ஒருநாள், ஒரே ஒருநாள், 'நல்லா இருக்குடா'ன்னு சொல்லியிருக்கீங்களா? அதுக்காக எத்தனை தடவை உங்க மூஞ்சியைப் பார்த்திருப்பார் தெரியுமா? இப்ப வந்து சர்க்கரை கலக்கறீங்க. யாருக்குக் கலக்கறீங்க? யாரை ஏமாத்தறீங்க?"

"நீ மட்டும் யோக்கியமா?" பெரியவர் எழுந்துவிட்டார். குரல் கிழிந்தது. "தொட்டியை உடைச்சு எடைக்குப் போடுங்கன்னு சொன்னவ யாரு? இந்த நாத்தத்தோட பக்கத்துல வந்து படுக்காதீங்கன்னு சொன்னவ யாரு? சுவத்துக்கு அந்தப் பக்கம் எனக்குக் காது இல்லன்னு நினைச்சியா? உசிரு போன வீட்டுக்கு வந்து தீனி போடறாளாம் தீனி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. உசிரு போன வீடு. அவர் வாயிலிருந்துதான் வந்தது. பொட்டலம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து பிரிந்தது. மணல் மாதிரி ஈஸ்ட் சிதறியது. அதைப் பொறுக்கப் போகிறவர் போலக் குனிந்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சின்னக் குழந்தை கேட்கிற மாதிரி, நிமிர்ந்து அவளிடம் கேட்டார்.

"அப்போ யாருமே வரலையா?"

அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். முந்தானையோ கைக்குட்டையோ தேடாமல், புறங்கையால் உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள். அது கன்னம் வரை இழுத்துக்கொண்டு போனது.

"யாரும் வரல, மாமா."

சோடா பார்வையைத் திருப்பிக்கொண்டான். இந்த இடத்தில் எப்போதும் அவன் ஏதாவது சொல்வான். சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறான், நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். இப்போது மிஸ்டு கால் கொடுத்த விரலைத் தொடையில் தேய்த்துக்கொண்டே நின்றான்.

அவள்தான் மறுபடி பேசினாள். பெரியவரிடமா, க்ளெய்மம்மாவிடமா என்று தெரியாத மாதிரி, தரையைப் பார்த்துப் பேசினாள்.

"ஸ்டேஷன்லேருந்து ரெண்டு தடவை போன் வந்துச்சு. ஆத்துல கிடைச்ச ஒருத்தர், வந்து பாருங்கன்னு. நான் போகல. பாட்டில்தான் ஓடுதே, நான் எதுக்குப் போய் யாரோ ஒருத்தரைப் பார்க்கணும்னு வெச்சுட்டேன்."

"எனக்கும் வந்துச்சு," என்றார் பெரியவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என் பையன் மீனுக்குத் தீனி போட்டுக்கிட்டு இருக்கான், வேற வீட்ல விசாரிங்கன்னு சொல்லிட்டேன்."

க்ளெய்மம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தன் பழைய உத்தியோகத்தின் குரலில், ஆனால் அதைவிட மெதுவாகச் சொன்னார். "இத்தனை மாசத்துக்கு உடம்பை வெச்சிருக்கமாட்டாங்க. அடக்கம் பண்ணியிருப்பாங்க. ஃபோட்டோ இருக்கும், போட்டிருந்த துணி இருக்கும். பையில என்ன இருந்துச்சோ அதுவும் இருக்கும். பெரியாஸ்பத்திரி மார்ச்சுவரியில எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் வரணும்னு அவசியமில்ல."

"அவராவே இல்லாமலும் இருக்கலாம் மேடம்," என்றான் சோடா. அவனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "யாரோ ஒருத்தரா இருக்கலாம்."

க்ளெய்மம்மா தரையில் கிடந்த பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அடையாளம் காட்டறதுக்கு வீட்டு ஆள் வேணும்ல," என்றாள் அவள். சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். பெரியவரை நோக்கிக் கையை நீட்டினாள். பிடித்துக்கொள்வாரா மாட்டாரா என்று அவளுக்கே சந்தேகம் போல, கை பாதியில் நின்றது. பெரியவர் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

ஷட்டரை சோடா இறக்கினான். வெளியே டாக்ஸி இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவள் அலுவலகத்து வண்டி. நல்ல செய்தி என்று சொல்லித்தான் ஏறி வந்திருப்பாள். டிரைவர் கண்ணாடியில் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்க நினைத்ததைக் கேட்காமல் விட்டார். பெண்கள் இருவரும் பின்னால், அவர்களுக்கு நடுவில் பெரியவர். சோடா முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"எங்க போகணும்?" என்றார் டிரைவர்.

பெரியவர்தான் சொன்னார். ஆனால் குரல் எழும்பவில்லை. டிரைவர் திரும்பி, "என்னங்க?" என்று கேட்டார்.

"பெரியாஸ்பத்திரி," என்றாள் அவள். "பின்பக்க கேட்."